பில்டு உடைந்தால் சார்புகளுக்கு என்ன ஆகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை. கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணே, அப்டேட் கொடுத்தேன். நாலு பேக்கேஜ் உடைஞ்சிருச்சு. இப்ப எதை இன்ஸ்டால் பண்ணினாலும் அதே எரர்தான் வருது." உபுண்டு ஓடும் மடிக்கணினி. திரையில் கடைசியாக இருக்கும் வரிகளைப் படிக்கச் சொன்னேன். "செயல்படுத்தும்போது பிழை ஏற்பட்ட பேக்கேஜ்கள்" என்ற தலைப்பின் கீழ் நான்கு பெயர்கள். ஒன்று, லினக்ஸின் மையமான கர்னலின் ஹெடர் கோப்புகள், அதாவது டிரைவர்களைக் கம்பைல் செய்யத் தேவைப்படும் கோப்புகள், அடங்கியது. ஒன்று கர்னல் இமேஜ். மற்ற இரண்டும் இவற்றை இழுத்து வருவதற்காகவே இருக்கும் மெட்டா பேக்கேஜ்கள்.

இந்த நான்கில் எதுவுமே குற்றவாளி இல்லை. உண்மையில் உடைந்தது வைஃபைக்காக அவர் எப்போதோ போட்டு மறந்துபோன ஒரு டிரைவர். அதன் பெயர் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

பில்டு, அதாவது மூலக் குறிமுறையைக் கம்பைல் செய்து ஓடும் மென்பொருளாக்கும் வேலை, உடைவது பெரிய விஷயம் அல்ல, தினமும் நடப்பதுதான். உடைந்த பிறகு பேக்கேஜ் மேனேஜர், அதாவது மென்பொருள்களை நிறுவி நீக்கும் நிரல், என்ன செய்கிறது என்பதில்தான் நல்லதும் கெட்டதும் இருக்கிறது. ஒரு பேக்கேஜுக்கு வேறொரு பேக்கேஜ் தேவைப்பட்டால் அதுதான் அதன் சார்பு. பில்டு உடையும்போது மேனேஜர் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். உடைந்ததை நம்பி மேலே காத்திருப்பவற்றை என்ன செய்வது? அதற்காகக் கீழே ஏற்கெனவே கொண்டுவந்து இறக்கியவற்றை என்ன செய்வது? எது உடைந்தது என்பதை மனிதருக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது? மூன்றாவதில்தான் பெரும்பாலான மேனேஜர்கள் சறுக்குகின்றன என்பது என் எண்ணம்.

முதலில் அந்த மடிக்கணினியில் நடந்ததைப் பார்ப்போம். டெபியன், உபுண்டு இரண்டிலும் நமக்கு வருவது ஏற்கெனவே கம்பைல் செய்து முடித்த பேக்கேஜ்கள். நம் கணினியில் பில்டு நடப்பதில்லை. அடியில் வேலை செய்யும் டிபிகேஜி என்ற நிரல் ஒவ்வொரு பேக்கேஜையும் இரண்டு கட்டமாகப் போடுகிறது. முதலில் கோப்புகளைப் பிரித்து அந்தந்த இடத்தில் வைக்கும். அப்புறம் அந்த பேக்கேஜோடு வந்த ஸ்கிரிப்டை ஓட்டி கான்ஃபிகர் செய்யும். ஸ்கிரிப்ட் தோற்றால் பேக்கேஜ் பாதியில் நிற்கும். அதை நம்பியிருக்கும் அடுத்த பேக்கேஜை டிபிகேஜி கான்ஃபிகர் செய்யாது, "சார்புச் சிக்கல், அப்படியே விடுகிறேன்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும்.

இதில் ஒரு விதிவிலக்கு டிகேஎம்எஸ். கர்னலோடு சேர்ந்து வராத டிரைவர்களின் மூலக் குறிமுறையைக் கணினியிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புதிய கர்னல் வரும்போதும் அதற்கேற்ப அங்கேயே கம்பைல் செய்து தரும் ஏற்பாடு அது. கர்னல் ஹெடர் பேக்கேஜின் கான்ஃபிகர் கட்டத்தில் டிகேஎம்எஸ் அழைக்கப்படுகிறது. டிரைவர் பழசு, கர்னல் புதுசு, கம்பைல் ஆகவில்லை. டிகேஎம்எஸ் தோல்வி என்று திரும்புகிறது. அதை அழைத்த ஸ்கிரிப்டும் தோற்கிறது. ஆக, ஹெடர் பேக்கேஜ் தோற்றதாகக் கணக்கு. கர்னல் இமேஜுக்கும் இதே கதை. அவற்றை நம்பிய மெட்டா பேக்கேஜ்கள் இரண்டும் தாமாக நின்றுவிடுகின்றன. டிரைவர் பேக்கேஜோ பல மாதங்களுக்கு முன்பே ஒழுங்காக நிறுவப்பட்டது. டிபிகேஜியின் கணக்கில் அதற்கு ஒரு குறையும் இல்லை. அதனால்தான் அது பட்டியலில் வரவில்லை.

அதே திரையில் இன்னொரு வரியும் இருந்தது. முந்தைய தோல்வியின் தொடர்ச்சியாக இந்த எரர் தெரிவதால் தனியாகப் புகார் அறிக்கை எழுதவில்லை என்று உபுண்டுவே சொல்லியிருந்தது. எது மூலம், எது தொடர்ச்சி என்று மென்பொருளுக்கு ஓரளவு தெரிகிறது என்பதற்கு அந்த வரி சாட்சி. ஆனால் கடைசியில் அச்சாகும் பட்டியலில் இரண்டையும் ஒரே வரிசையில் போட்டுவிடுகிறார்கள். படிப்பவர் "நாலு உடைஞ்சிருச்சு" என்று பதறுகிறார்.

"எதை இன்ஸ்டால் பண்ணினாலும் அதே எரர்" என்று அவர் சொன்னதற்கும் காரணம் இதுதான். பாதியில் நிற்கும் பேக்கேஜ்கள் இருக்கும்வரை, டிபிகேஜிக்கு மேலே இருக்கும் ஏப்ட் கட்டளையால் எதை நிறுவினாலும் டிபிகேஜி அவற்றை மறுபடி கான்ஃபிகர் செய்யப் பார்க்கும், மறுபடி தோற்கும். நீங்கள் கேட்ட பேக்கேஜ் சரியாகவே உள்ளே போயிருக்கும், ஆனால் கடைசி வரி தோல்வி என்று சொல்லும்.

இனி, எல்லாவற்றையும் நம் கணினியிலேயே கம்பைல் செய்யும் ஜென்டூ என்ற லினக்ஸ் வகைக்கு வருவோம். சார்புகளைப் பற்றிக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அங்கே பேக்கேஜ் மேனேஜரின் பெயர் போர்ட்டேஜ், கட்டளை எமர்ஜ். ஒரு பெரிய மென்பொருளைக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் பதினைந்து லைப்ரரிகள், அதாவது மற்ற நிரல்கள் பயன்படுத்தும் பொதுக் குறிமுறைத் தொகுப்புகள், வேண்டும். எமர்ஜ் வரிசை போட்டு அடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கம்பைல் செய்து ஏறிவருகிறது. பதினைந்தும் முடிந்தது. பதினாறாவதாக, நீங்கள் கேட்டதே உடைகிறது. இப்போது பதினைந்தின் கதி?

அவை அங்கேயே இருக்கும், போர்ட்டேஜ் அவற்றைப் பின்வாங்காது. இது சோம்பேறித்தனம் அல்ல, ஒவ்வொன்றும் தன்னளவில் முழுமையாகக் கட்டி முடித்த பேக்கேஜ். மணிக்கணக்கில் சிபியு ஓடிக் கட்டியதைத் தூக்கி எறிந்தால், நாளை சின்னத் திருத்தம் செய்து மறுபடி முயலும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் அவை "நீங்கள் கேட்டவை" என்று பதிவாவதும் இல்லை. பயனர் பெயர் சொல்லிக் கேட்ட பேக்கேஜ்களை மட்டும் 'வேர்ல்டு' என்ற கோப்பில் போர்ட்டேஜ் எழுதிவைக்கிறது. கேட்டது உடைந்துபோனதால், அதற்காக வந்த லைப்ரரிகளுக்கு இப்போது கேட்பாரில்லை. பிறகு டெப்-கிளீன் ஓட்டினால், வேறு யாரும் அவற்றை நம்பியிராத பட்சத்தில், துடைத்துவிடும். அதாவது தோல்வி நடந்த கணத்தில் எதையும் அழிக்காமல், எது தேவைக்கு வந்தது, எது கேட்டு வந்தது என்ற கணக்கை மட்டும் சரியாக வைத்துக்கொள்கிறது. துடைப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு.

பதினாறாவது உடைந்ததே, அது பாதி கம்பைல் ஆன நிலையில் சிஸ்டத்தைக் கெடுத்துவிடாதா? கெடுக்காது. கம்பைல், இன்ஸ்டால் இரண்டுமே தற்காலிகக் கோப்புறை ஒன்றில் நடக்கின்றன. மென்பொருள் தன் கோப்புகளை உண்மையான இடத்தில் வைப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு போலி வேர்க் கோப்புறைக்குள் வைக்கும். அதற்கு வெளியே எழுதப் பார்த்தால் சேண்ட்பாக்ஸ் தடுக்கும். எல்லாம் முடிந்த பிறகே, ஒரே மூச்சில் கோப்புகள் சிஸ்டத்துக்கு நகர்கின்றன. டெபியனில் பேக்கேஜ் கட்டுவோரும், மேக் கணினிகளுக்கான மேக்போர்ட்ஸும் இதே வழியைப் பின்பற்றுகிறார்கள். மூலக் குறிமுறையை இறக்கி, மேக் இன்ஸ்டால் என்று நேரடியாக ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு, ஓட்டிய காலத்தில் பாதியில் நின்ற இன்ஸ்டாலைச் சுத்தம் செய்தவர்களுக்கு இந்தச் சின்ன ஏற்பாட்டின் அருமை தெரியும்.

அப்புறம், மேலே காத்திருப்பவை. அப்டேட்டில் நூறு பேக்கேஜ்கள் வரிசையில் நிற்கின்றன, முப்பதாவது உடைகிறது. எமர்ஜ் இயல்பாக அங்கேயே நின்றுவிடும். இரவு ஓடவிட்டுத் தூங்கப் போனவருக்குக் காலையில் எழுபது மிச்சம். அதற்குத்தான் கீப்-கோயிங் என்ற தெரிவு. அதைக் கொடுத்தால், உடைந்ததை ஒதுக்கிவிட்டு, மிச்சமிருப்பவற்றுக்குச் சார்புகளை மறுபடி கணக்கிடும். உடைந்ததை நம்பியவற்றை மட்டும் கழற்றிவிட்டு, மற்றவற்றைத் தொடர்ந்து கட்டும். உடைந்ததையும் கழற்றப்பட்டவற்றையும் கடைசியில் சொல்லும். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களை மொத்தமாகக் கட்டப் பயன்படும் பூட்ரியர் இதை இன்னும் தெளிவாகச் செய்கிறது: தோற்றவை தனிக் கணக்கு, அவற்றால் தவிர்க்கப்பட்டவை தனிக் கணக்கு. ஒரு பேக்கேஜ் தோற்று இருநூறு தவிர்க்கப்பட்டிருந்தால், திருத்த வேண்டியது ஒன்றுதான் என்று பார்த்த உடனே தெரியும். உபுண்டுவின் அந்த நான்கு பெயர்ப் பட்டியல் இப்படி இருந்திருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

இதுவரை சொன்னது புதிதாக நிறுவும்போது நடப்பது. அப்டேட்டில்தான் உண்மையான ஆபத்து. ஐசியு என்ற லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் வரிசைப்படுத்துவது, பிரிப்பது போன்ற யுனிகோடு வேலைகளை அது செய்கிறது. அதன் ஒவ்வொரு பெரிய வெளியீட்டிலும் லைப்ரரிக் கோப்பின் பெயரில் உள்ள எண் மாறும். லிப்ரே ஆபிஸ் அதை நம்பியிருக்கிறது. ஐசியு புதிய பதிப்புக்குப் போய்விட்டது, பழைய எண் கொண்ட கோப்பு போய்விட்டது. அடுத்து லிப்ரே ஆபிஸை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், ஆனால் அது உடைந்துவிட்டது. இப்போது கணினியில் இருக்கும் பழைய லிப்ரே ஆபிஸுக்கு என்ன ஆகும்? நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்தது, இன்று திறக்காது. கம்பைல் ஆகாதது புதிய பதிப்பு, ஆனால் முடங்கியது பழைய பதிப்பு!

போர்ட்டேஜ் இதற்குக் கண்டுபிடித்த வழி நேர்த்தியானது. பேக்கேஜை அப்டேட் செய்யும்போது, அதன் பழைய லைப்ரரிக் கோப்பை வேறு ஏதாவது நிரல் இன்னும் பயன்படுத்துகிறதா என்று பார்க்கும். பயன்படுத்தினால் அந்த ஒரு கோப்பை மட்டும் நீக்காமல் விட்டுவைக்கும். நம்பியிருந்தவை எல்லாம் புதியதற்கு எதிராக மறுபடி கட்டப்பட்ட பிறகு அது தானாகப் போய்விடும். டெபியன் இதையே பெயரிடும் முறையில் தீர்க்கிறது. எண்ணைப் பேக்கேஜின் பெயரிலேயே வைத்துவிடுவார்கள். டெபியன் 12-இல் லிப்ஐசியு72, டெபியன் 13-இல் லிப்ஐசியு76. பெயர் வேறு, கோப்பு வேறு என்பதால் இரண்டும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் இருக்கும். பழையதை நம்பிய பேக்கேஜ்கள் பழையதோடு ஓடும், புதியவை புதியதோடு.

டெபியனில் பில்டு தோல்விகள் நம் கண்ணில் படாமல் எங்கோ சமாளிக்கப்படுகின்றன. அந்த எங்கோ என்பது பில்டிடி எனப்படும் தானியங்கிக் கணினிகள். ஒவ்வொரு செயலி வகைக்கும் தனித்தனியாக அவை இருக்கின்றன. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் சுத்தமான ஒரு சூழலை எழுப்பி, அதற்குத் தேவை என்று எழுதிவைத்த சார்புகளை மட்டும் அதில் நிறுவி, கம்பைல் செய்கின்றன. வேலை முடிந்ததும், தோற்றாலும் வென்றாலும், சூழலைக் கலைத்துவிடுகின்றன. அதனால் மிச்சம் மீதி என்ற பேச்சே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அங்கே தோல்விக்கு வைத்திருக்கும் பெயர்கள். முயன்று பார்த்துத் தோற்றது ஒரு நிலை. தேவையான சார்பின் போதிய பதிப்பு இன்னும் வந்து சேரவில்லை என்றால் அது டெப்-வெயிட், காத்திருப்பு. சார்புகளை நிறுவவே வழியில்லாமல் ஒன்றோடொன்று முட்டினால் அதற்கு இன்னொரு பெயர். காத்திருப்பில் உள்ளதை யாரும் தோல்வியாகக் கணக்கிடுவதில்லை. கீழே உள்ளது கட்டப்பட்டு வந்த உடனே அது தானாக வரிசையில் சேரும். பராமரிப்பாளரை எழுப்பித் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. தன் குறிமுறையில் தவறு இருந்து உடைந்த பேக்கேஜையும், கீழிருப்பது வராததால் நின்ற பேக்கேஜையும் ஒரே வார்த்தையால் அழைக்காமல் இருப்பதே பாதித் தீர்வு.

டெபியன் பேக்கேஜை நம் கணினியிலேயே கட்டிப் பார்க்கும்போது இந்த வசதி கிடைக்காது. ஏப்ட் பில்டு-டெப் கொடுத்தால் ஐம்பது டெவலப்மென்ட் பேக்கேஜ்கள் வந்து இறங்கும். பில்டு உடைந்தாலும் அவை கிடக்கும். பழகியவர்கள் எம்கே-பில்டு-டெப்ஸ் என்ற கருவியைப் பயன்படுத்துவார்கள். அது அந்த ஐம்பதையும் நம்பியிருப்பதாகச் சொல்லும் வெற்றுப் பேக்கேஜ் ஒன்றை உருவாக்கித் தரும். வேலை முடிந்ததும் அந்த ஒன்றை நீக்கிவிட்டு ஆட்டோரிமூவ் கொடுத்தால் ஐம்பதும் சேர்ந்து போய்விடும்.

பைத்தான் மொழியின் பேக்கேஜ் மேனேஜரான பிப்புக்கு வேறொரு தலைவலி. ஒரு பேக்கேஜ் எவற்றை நம்பியிருக்கிறது என்பது மற்ற இடங்களில் கம்பைல் செய்வதற்கு முன்பே தெரியும். பிப்பில், வீல் எனப்படும் முன்பே கட்டிய வடிவம் கிடைக்காமல் மூலக் குறிமுறை மட்டும் கிடைத்தால், அதன் சார்புகள் என்னவென்று அறியவே பில்டின் முதல் படியை ஓட்ட வேண்டியிருக்கும். அந்தப் படியே உடையலாம். அப்போது என்ன செய்வது? 2020 நவம்பரில் வந்த 20.3 பதிப்பில் பிப்புக்குப் புதிய சார்புத் தீர்ப்பான் இயல்பாக வந்தது. ஒரு பதிப்பு பொருந்தவில்லை என்றால் பின்வாங்கி அதற்கு முந்தைய பதிப்பைப் பார்க்கும் வகை அது. பில்டு உடைந்தாலும் அதே மாதிரி பழைய பதிப்புக்குப் போய்ப் பார்த்தால் என்ன என்று அதையும் ஒரு கட்டத்தில் செய்தார்கள்.

கேட்க நல்ல யோசனை. நடைமுறையில், ஒரு சி ஹெடர் கோப்பு இல்லாததால் உடையும் பேக்கேஜ், முந்தைய பதிப்பிலும் அதே காரணத்தால் உடையும். அதற்கு முந்தையதிலும். பிப் ஒவ்வொரு பழைய பதிப்பாக இறக்கி, உடைத்து, இறக்கி, உடைத்து, கடைசியில் ஆறு வருடம் பழைய பதிப்பின் எரரோடு வந்து நிற்கும். மூலக் காரணம் எங்கோ மேலே புதைந்துவிடும். அதைவிட மோசம், ஏதோ ஒரு மிகப் பழைய பதிப்பு கட்டப்பட்டுவிட்டால் அது சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும். 2022 ஜனவரியில் வந்த 22.0 பதிப்பில் இதை மாற்றினார்கள். பில்டு உடைந்தால் உடனே நின்று, எது உடைந்தது என்று சொல்ல வேண்டும் என்பதை இயல்பாக்கினார்கள். சாமர்த்தியத்தைக் குறைத்துக்கொண்டது சரியான முடிவு என்று நினைக்கிறேன்.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 2021 பிப்ரவரியில், கிரிப்டோகிராஃபி என்ற பைத்தான் பேக்கேஜின் 3.4 பதிப்பு வந்தது. அதைக் கட்ட இனி ரஸ்ட் என்ற நிரல்மொழியின் கம்பைலர் வேண்டும் என்றார்கள். அதைப் பெயர் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு. ஆன்சிபிள், செர்ட்பாட் போன்ற கருவிகளுக்குக் கீழே அது தானாக வந்து நிற்கும். நேற்றுவரை ஓடிய பில்டுகள் பல இடங்களில் உடைந்தன, ரஸ்ட் இல்லை என்று எரர் வந்தது. ஆல்பைன் லினக்ஸுக்கு அப்போது வீல்கள் இல்லை, அதனால் அங்கே ரஸ்ட் உண்மையாகவே தேவைப்பட்டது. ஆனால் சாதாரண லினக்ஸ் கணினிகளில் உடைந்தவர்கள் பலருக்குத் தேவைப்பட்டது ரஸ்ட் அல்ல. அவர்களுக்கான வீல் தயாராகவே இருந்தது. உபுண்டு 18.04-இல் வரும் 9.0.1 போன்ற பழைய பிப்புக்கு அந்த வீலின் வகை அடையாளம் புரியவில்லை. அதனால் "எனக்கு வீல் இல்லை" என்று முடிவு செய்து மூலக் குறிமுறையைக் கட்டப் போனது, அங்கே ரஸ்ட் இல்லாமல் தோற்றது. பிப்பை அப்டேட் செய்தாலே போதும். எரரோ ரஸ்டைப் பற்றிப் பேசியது. எத்தனை பேர் அன்று தேவையில்லாமல் ஒரு முழுக் கம்பைலரை இறக்கியிருப்பார்கள்!

ஜாவாஸ்கிரிப்டின் பேக்கேஜ் மேனேஜரான என்பிஎம் ஒரு தனி வழி வைத்திருக்கிறது: விருப்பச் சார்பு. அதில் குறிப்பிட்ட பேக்கேஜ் கட்டப்படாமல் போனால், அது இல்லாமலே மற்றவை நிறுவப்படும். மேக்கில் மட்டும் வேலை செய்யும் எஃப்எஸ்ஈவென்ட்ஸ் இப்படித்தான் லினக்ஸில் சத்தமில்லாமல் தவிர்க்கப்படுகிறது. ஆனால் அது இல்லாதபோது என்ன செய்வது என்று அதைப் பயன்படுத்தும் நிரல் எழுதியவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காவிட்டால், பில்டு நேரத்தில் வந்திருக்க வேண்டிய எரர் ஓடும் நேரத்தில் வரும்.

இவை எல்லாவற்றையும் வேரிலிருந்து மாற்றி யோசித்தது நிக்ஸ் என்ற பேக்கேஜ் மேனேஜர். ஈல்கோ டோல்ஸ்ட்ரா உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 2006-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு அதன் அடித்தளம். ஒவ்வொரு பேக்கேஜும் அதன் எல்லா உள்ளீடுகளிலிருந்தும் கணக்கிட்ட ஒரு ஹாஷை, அதாவது உள்ளீடு மாறினால் தானும் மாறும் அடையாளக் குறியை, பெயரில் கொண்ட தனிக் கோப்புறையில் இருக்கும். ஐசியு மாறினால், அதை நம்பிய லிப்ரே ஆபிஸின் ஹாஷும் மாறும், புதிய கோப்புறை. பழையது தொடப்படாது. புதியது உடைந்தால் பழையதைச் சுட்டும் இணைப்பு அப்படியே இருக்கும். எல்லாம் கட்டி முடிந்த பிறகே இணைப்பு மாறும். உடைந்ததை நம்பியவற்றுக்கு, "உன் சார்பு ஒன்று தோற்றது" என்று தனியாகச் சொல்லும். கட்டி முடிந்த சார்புகள் ஸ்டோரில், அதாவது இந்தக் கோப்புறைகள் எல்லாம் இருக்கும் இடத்தில், இருக்கும், வேண்டாதபோது குப்பை அள்ளலாம். வட்டு இடம்தான் விலை.

சரி, தம்பியின் கணினி. டிகேஎம்எஸ் ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு மேக் லாக் எழுதிவைக்கும். வார்-லிப் கோப்புறையின் கீழ் டிரைவரின் பெயரில் தேடினால் கிடைக்கும். திறந்து, கடைசியிலிருந்து அல்ல, எரர் என்ற சொல் முதன்முதலில் வரும் இடத்துக்குப் போகச் சொன்னேன். கர்னலின் ஒரு ஃபங்ஷன் இப்போது கூடுதலாக ஒரு ஆர்க்யுமென்ட் கேட்கிறது, பழைய டிரைவர் அதைக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான். அதற்குப் பின்னால் வந்த பக்கம் பக்கமான வரிகள் எல்லாம் அந்த ஒன்றின் எதிரொலி.

போனை யுஎஸ்பியில் மாட்டி அதன் இணைய இணைப்பைப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னேன், ஏனென்றால் அடுத்த கட்டளையோடு வைஃபை போய்விடும். பழைய டிரைவர் பேக்கேஜை நீக்கினார். பாதியில் நிற்பவை எல்லாவற்றையும் கான்ஃபிகர் செய் என்று டிபிகேஜிக்குச் சொன்னார். ஹெடர், இமேஜ், இரண்டு மெட்டா பேக்கேஜ்கள் என்று நான்கும் வரிசையாக ஏறின. ரீபூட் செய்து, புதிய கர்னலுக்கு ஏற்ற டிரைவர் பதிப்பைத் தேடிப் போட்டபோது மணி பதினொன்று. வைஃபை வந்துவிட்டது என்று செய்தி அனுப்பினார். கூடவே அந்த மேக் லாகின் படத்தையும், முதல் எரரைச் சிவப்பில் வட்டமிட்டு.